கையில் வாரண்டு, இடுப்பில் துப்பாக்கி: பில்லி த கிட் கதையும் லிங்கன் கவுன்டியின் சட்டமும்

1. கேள்வி

அமெரிக்க மேற்கைப் பற்றிய நாவல், சினிமா, சித்திரக்கதை எதை எடுத்தாலும் அடியில் பெரும்பாலும் ஓர் எடுகோள் கிடக்கும்: அங்கே சட்டம் இன்னும் வந்து சேரவில்லை, அதனால் துப்பாக்கி பேசியது. எம். கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கர் நடித்த ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ படங்களும், சிவகாசியிலிருந்து வந்த கௌபாய் காமிக்ஸ்களும் தமிழருக்கு அறிமுகப்படுத்திய மேற்கும் பெரிதும் இதுதான். ஊர் பயந்து கிடக்கிறது, ஷெரீப் கையாலாகாதவர், குதிரையில் வரும் தனியாள் ஒருவன் தோட்டாவால் கணக்கைத் தீர்க்கிறான்.

இந்த எடுகோள் எந்த அளவுக்கு வரலாறு என்பதே இக்கட்டுரையின் கேள்வி. அதைச் சோதிக்க பில்லி த கிட் கதையை எடுத்துக்கொள்கிறேன். மேற்கின் சட்டவிரோதிகளில் இவனளவுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டவர்கள் மிகச் சிலர். அதே வேளையில், அவனை உருவாக்கிய 1878ஆம் ஆண்டின் லிங்கன் கவுன்டிப் போர் ஆவணங்கள் மலிந்த ஒரு நிகழ்வு. கடிதங்கள், வாக்குமூலங்கள், கிராண்ட் ஜூரி முடிவுகள், ராணுவ விசாரணைப் பதிவுகள் என ஏராளமாகக் கிடைக்கின்றன. கதையையும் ஆவணத்தையும் அருகருகே வைத்துப் பார்க்க இதைவிட வசதியான களம் அரிது.

அப்படிப் பார்க்கும்போது தெரிவது இது: லிங்கனில் சட்டத்துக்குப் பஞ்சமே இருக்கவில்லை. இரு தரப்பினரும் ஆளுக்கொரு வாரண்டுடன் அலைந்தார்கள். சண்டையின் பெரும்பகுதி, எந்த வாரண்டு செல்லும் என்பதைத் தீர்மானிக்கும் பதவிகளைப் பிடிப்பதற்காகவே நடந்தது. அந்தப் பதவிகளுக்குப் பின்னால் இருந்தது அரசாங்கக் கொள்முதல் பணம். கதை மரபு இந்தப் பணத்தையும் பதவிகளையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு, ஒரு பையனும் ஒரு ஷெரீபும் மோதிக்கொண்ட கதையாக அதைச் சுருக்கியது.

2. கதை வளர்ந்த விதம்

ஹென்றி மக்கார்ட்டி என்ற பையன் பெரும்பாலும் 1859 வாக்கில் நியூயார்க்கில் பிறந்தவன் என்பது பொதுவான கருத்து. தாய் கேத்தரின் 1873இல் சாண்டா ஃபேயில் வில்லியம் ஆன்ட்ரிமை மணந்தார். மறு ஆண்டே சில்வர் சிட்டியில் காசநோயால் இறந்தார். சலவைக்கடைத் துணித் திருட்டில் மாட்டி, சிறையின் புகைபோக்கி வழியாகத் தப்பியது பையனின் ஆரம்பகால வழக்குகளில் ஒன்று. 1877 ஆகஸ்டில் அரிசோனாவில் ஒரு கைகலப்பில் ஃபிராங்க் காஹில் என்பவரைச் சுட்டுவிட்டு நியூ மெக்ஸிகோவுக்குத் திரும்பியவன், வில்லியம் பானி என்று பெயர் மாற்றிக்கொண்டான். 1880 டிசம்பரில் நியூ மெக்ஸிகோவின் லாஸ் வேகாஸ் நகரப் பத்திரிகை ஒன்று அவனை ‘பில்லி த கிட்’ என்று எழுதியது. ஏழே மாதம் கழித்து, 1881 ஜூலை 14 இரவில், ஃபோர்ட் சம்னரில் ஷெரீப் பாட் காரெட் அவனைச் சுட்டுக் கொன்றார்.

அடுத்த மாதமே மலிவு விலை நாவல்கள் வந்துவிட்டன. ஆனால் கதைக்கு நிலையான வடிவம் கொடுத்தது 1882இல் சாண்டா ஃபேயில் வெளியான காரெட்டின் நூல். இருட்டறையில் எச்சரிக்காமல் சுட்டதற்காகக் காரெட்டை அப்போது பலர் குறை சொன்னார்கள்; 500 டாலர் பரிசுப் பணமும் சிக்கலுக்குப் பிறகே கைக்கு வந்தது. கொன்றவர் தன்னை நியாயப்படுத்திக்கொள்ள வேண்டுமானால், கொல்லப்பட்டவன் கொடியவனாகவும் திறமைசாலியாகவும் இருந்தாக வேண்டும். நூலின் பெரும்பகுதியைக் காரெட்டுக்காக எழுதிக் கொடுத்தவர் ஆஷ் அப்சன் என்ற பத்திரிகைக்காரர். பில்லியின் பிறந்த நாள் நவம்பர் 23 என்று அந்த நூல் சொல்கிறது. அது அப்சனின் சொந்தப் பிறந்த நாள். இந்தத் தேதி பின்னர் பல பத்தாண்டுகளுக்கு வரலாறாகவே எடுத்தாளப்பட்டது.

இரண்டாவது அலை 1926இல் எழுந்தது. சிகாகோ பத்திரிகையாளர் வால்டர் நோபல் பர்ன்ஸ் லிங்கனின் முதியவர்களைச் சந்தித்து எழுதிய நூல், பரவலாக விற்ற மாதாந்திர நூல் கழகத்தின் தேர்வானது. காரெட்டின் கொடியவன் பர்ன்ஸின் கையில் காவிய நாயகனாகிவிட்டான். 1930இல் கிங் விடோரின் படம், 1938இல் ஏரன் கோப்லண்டின் பாலே, 1943இல் ஹோவர்ட் ஹியூஸின் படம் என்று வரிசையாக வந்தன.

21 வயதுக்குள் 21 கொலை என்ற கணக்கும் இந்த மரபின் சொத்து. ராபர்ட் அட்லி போன்ற வரலாற்றாசிரியர்கள் ஆவணங்களைக் கொண்டு சரிபார்த்தபோது, அவன் தனியாகக் கொன்றவர்கள் நால்வர் என்றும், கூட்டாக நடந்த சில கொலைகளில் அவனுக்குப் பங்குண்டு என்றும் தெரிந்தது. அதையும் சேர்த்தாலும் 10 பேரைத் தாண்டுவது கடினம். புனைவு எவ்வளவு எளிதாகச் சான்றாக மாறும் என்பதற்கு அவனுடைய புகைப்படமே சாட்சி. உள்ளங்கையில் அடங்கும் இரும்புத் தகட்டுப் படம் அது: நசுங்கிய தொப்பி, தொளதொள மேலாடை, கட்டையைத் தரையில் ஊன்றிய வின்செஸ்டர், இடுப்பின் இடப்பக்கம் கைத்துப்பாக்கி. ஆகவே அவன் இடதுகைக்காரன் என்று முடிவுகட்டினார்கள். 1958இல் ஆர்தர் பென் இயக்கிய படத்துக்குத் தலைப்பே அதுதான். அந்தப் புகைப்படத்தில் வின்செஸ்டரைக் கவனித்திருந்தால் போதும். அந்த 1873 மாடலில் தோட்டா நிரப்பும் வாய் வலப்பக்கம்தான் இருக்கும். படத்தில் அது இடப்பக்கம் தெரிகிறது. தகட்டுப் படம் கண்ணாடிப் பிம்பம்போல இடவலம் மாறிப் பதிவாகும் வகை. 2011இல் டென்வர் ஏலத்தில் 23 லட்சம் டாலருக்கு விலைபோன படத்தைப் பல பத்தாண்டுகள் எல்லோரும் தலைகீழாகவே படித்திருக்கிறார்கள்.

3. கடையும் கான்ட்ராக்டும்

அன்றைய லிங்கன் கவுன்டி நியூ மெக்ஸிகோ பிரதேசத்தின் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும். ஜனத்தொகையோ சொற்பம். ரயில் கிடையாது, வங்கி கிடையாது, ரொக்கப் புழக்கமும் மிகக் குறைவு. உறுதியாகப் பணம் வரும் வழிகள் இரண்டே: லிங்கன் ஊரிலிருந்து சில மைல் தூரத்தில் இருந்த ஸ்டான்டன் கோட்டைப் படைமுகாம், மெஸ்கலேரோ அபாச்சே மக்களுக்கு 1873இல் ஒதுக்கப்பட்ட காப்பகம். இரண்டுக்கும் மாட்டிறைச்சி, மாவு, சோளம் ஆகியவற்றை அரசாங்கம் டெண்டர் மூலம் வாங்கியது.

இந்த ஓடையின் மடையில் உட்கார்ந்திருந்தவர் லாரன்ஸ் மர்ஃபி. அவர் தொடங்கி ஜேம்ஸ் டோலன் நடத்திய வியாபாரத்தை ஊரார் ‘த ஹவுஸ்’ என்றே அழைத்தார்கள். ரியோ போனிட்டோ பள்ளத்தாக்கின் சிறு விவசாயிகள், பெரும்பாலும் ஸ்பானிய மொழி பேசிய மக்கள், விதையும் துணியும் கருவியும் அந்தக் கடையில் பற்று வைத்து வாங்கினார்கள். அறுவடையானதும் விளைச்சல் கடைக்குப் போயிற்று. கொள்முதல் விலையும் விற்பனை விலையும் கடைக்காரர் சொன்னதுதான். வாங்கிய சோளம் படைமுகாமுக்குப் போகும். இறைச்சிக்கான மாடுகள், பெக்கோஸ் ஆற்றங்கரைப் பெரும்பண்ணையாளர் ஜான் சிசமின் மந்தைகளிலிருந்து ஜெஸ்ஸி எவன்ஸ் கும்பல் திருடிக் கொண்டுவந்தவை என்ற குற்றச்சாட்டு தொடர்ந்து இருந்தது. காப்பகத்தில் தலைக்கணக்குப்படி இறைச்சி வழங்கப்பட்டதால், ஆட்களின் எண்ணிக்கையைக் காகிதத்தில் கூட்டிக் காட்டுவதும் லாபமானது.

இந்த வலை ஊரோடு நிற்கவில்லை. பிரதேசத்தின் மத்திய அரசு வழக்கறிஞர் தாமஸ் கேட்ரன், ‘சாண்டா ஃபே ரிங்’ என்று அழைக்கப்பட்ட அதிகார வட்டத்தின் மையப்புள்ளி. கடன் நெருக்கடியில் இருந்த டோலன் 1878 தொடக்கத்தில் கடையையும் சொத்தையும் அடமானம் வைத்தது அவரிடம்தான். அரசாங்கத் தரப்பில் வழக்கு நடத்த வேண்டியவர், தகராறில் ஒரு தரப்புக்குக் கடன் கொடுத்தவராகவும் இருந்தார்.

இந்த ஏகபோகத்தை எதிர்த்து வந்தவர் ஜான் டன்ஸ்டல் என்ற லண்டன் இளைஞர். வழக்கறிஞர் அலெக்சாண்டர் மக்ஸ்வீனுடன் சேர்ந்து 1877இல் போட்டிக் கடை திறந்தார். சிசமைத் தலைவராகப் போட்டு ஒரு வங்கியையும் தொடங்கினார். திரைப்படங்களில் டன்ஸ்டல் அநாதைப் பையன்களை அரவணைக்கும் நரைத்த பெரியவராக வருகிறார். இறந்தபோது அவருக்கு வயது 24. பெற்றோருக்கு அவர் எழுதிய கடிதங்களை ஃபிரடெரிக் நோலன் 1965இல் தொகுத்து வெளியிட்டார். கவுன்டியில் யார் சம்பாதிக்கும் ஒவ்வொரு டாலரிலும் பாதி தன் கைக்கு வர வேண்டும் என்ற திட்டத்தை டன்ஸ்டல் அவற்றில் ஒளிவுமறைவின்றி விவரிக்கிறார். தானும் ஒரு வளையம் அமைக்கப்போவதாகவே அவர் நினைத்தார். நல்ல முதலாளிக்கும் கெட்ட முதலாளிக்கும் நடந்த சண்டை என்ற கதைச் சட்டகம் இந்தக் கடிதங்களின் முன் நிற்காது. ஒரே ஏகபோகத்துக்கு இரண்டு பேர் போட்டியிட்டார்கள் என்பதே பொருத்தமான விவரிப்பு. பில்லி அவர்களில் ஒருவரிடம் கூலிக்கு வேலை செய்தவன்.

4. வாரண்டுகளின் போர்

மோதலைத் தொடங்கி வைத்தது ஓர் இன்ஷூரன்ஸ் பாலிசி. மர்ஃபியின் பழைய கூட்டாளி எமில் ஃபிரிட்ஸ் 1874இல் இறந்தபோது 10,000 டாலர் பாலிசி ஒன்று இருந்தது. அதை வசூலிக்க அமர்த்தப்பட்ட மக்ஸ்வீன் பணத்தை ஒப்படைக்கத் தாமதித்தார். ஹவுஸ் அதற்கு உரிமை கோரியது. மக்ஸ்வீன் மீது கையாடல் வழக்கு. கூடவே, நீதிபதி வாரன் பிரிஸ்டல் சொத்து ஜப்திக்கு உத்தரவிட்டார். மக்ஸ்வீனின் கூட்டாளி என்று சொல்லி, ஷெரீப் வில்லியம் பிராடி டன்ஸ்டலின் கடையையும் ஜப்தி செய்தார். கால்நடைகளைக் கைப்பற்ற ஆள் அனுப்பினார். அந்த ஆட்களோடு எவன்ஸ் கும்பலைச் சேர்ந்தவர்களும் போனார்கள். 1878 பிப்ரவரி 18 மாலை, குதிரைகளை ஓட்டிக்கொண்டு லிங்கனுக்கு வந்துகொண்டிருந்த டன்ஸ்டலை அவர்கள் சுட்டுக் கொன்றார்கள். போரின் முதல் கொலை ஜப்தி உத்தரவை நிறைவேற்றப் போனவர்கள் செய்தது.

டன்ஸ்டலின் ஆட்கள் உடனே பழிவாங்கக் கிளம்பிவிட்டதாகக் கதை சொல்லும். ஆனால் அவர்கள் முதலில் போனது உள்ளூர் மாஜிஸ்திரேட் ஜான் வில்சனிடம். கொலையாளிகளைக் கைது செய்ய வாரண்டு வாங்கினார்கள். கான்ஸ்டபிள் அட்டனாசியோ மார்ட்டினஸ், பில்லியையும் ஃபிரெட் வெய்ட்டையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு அந்த வாரண்டோடு ஹவுஸ் கடைக்குப் போனார். அங்கிருந்த ஷெரீப் பிராடி, வாரண்டு கொண்டுவந்தவர்களையே பிடித்து வைத்துக்கொண்டார். அதன் பிறகு வில்சன், டன்ஸ்டலின் பண்ணை மேலாளர் டிக் புரூவரைச் சிறப்புக் கான்ஸ்டபிளாக நியமித்தார். புரூவரின் தலைமையில் திரண்டவர்களே ‘ரெகுலேட்டர்கள்’.

மார்ச் 9ஆம் தேதி இந்தப் போரின் தன்மையைச் சுருக்கமாகக் காட்டுகிறது. ரெகுலேட்டர்கள் அதற்குள் மார்ட்டன், பேக்கர் என்ற இருவரைப் பிடித்திருந்தார்கள். லிங்கனுக்குக் கொண்டுவரும் வழியில், தப்ப முயன்றதாகச் சொல்லி, அன்று அவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அதே நாளில் லிங்கனுக்கு வந்திருந்த ஆளுநர் சாமுவேல் ஆக்ஸ்டல் ஓர் அறிக்கை வெளியிட்டார்: கவுன்டி நிர்வாகக் குழு வில்சனை நியமித்தது செல்லாது, ஆகவே அவர் கொடுத்த வாரண்டுகளும் செல்லா. காலையில் சட்டத்தின் ஆட்களாக இருந்தவர்கள் மாலையில் சட்டவிரோதிகளாகிவிட்டார்கள். அவர்கள் செய்தது கொலைதான், அதில் ஐயமில்லை. ஆனால் டன்ஸ்டலைக் கொன்றவர்கள் செய்ததும் அதேதான். இரண்டுக்கும் இடையே இருந்த வேறுபாடு ஆளுநரின் ஒரு கையெழுத்து.

ஏப்ரல் 1ஆம் தேதி ரெகுலேட்டர்கள் லிங்கன் தெருவில் மறைந்திருந்து பிராடியையும் துணை ஷெரீப் ஹின்ட்மனையும் சுட்டுக் கொன்றார்கள். அதன் பின் கூடிய கிராண்ட் ஜூரி மக்ஸ்வீனைக் கையாடல் குற்றத்திலிருந்து விடுவித்தது. பிராடி கொலைக்காகப் பில்லி முதலானோர் மீது குற்றம் சாட்டியது. டன்ஸ்டல் கொலைக்கு உடந்தை என்று டோலன் மீதும் குற்றம் சாட்டியது. இருதரப்பையும் ஏறக்குறைய ஒரே அளவுகோலால் அளந்த அமைப்பு இந்தப் போரில் அது ஒன்றுதான் எனலாம். புதிய ஷெரீபாகக் கவுன்டிக் குழு நியமித்த ஜான் கோப்லண்ட் மக்ஸ்வீன் பக்கம் சாய்ந்தார். வரி வசூலிப்பவருக்கான ஜாமீன் பத்திரத்தைக் குறித்த காலத்தில் தாக்கல் செய்யவில்லை என்று காரணம் காட்டி, மே மாத இறுதியில் ஆளுநர் அவரை நீக்கி, ஹவுஸின் ஆளான ஜார்ஜ் பெப்பினை அமர்த்தினார்.

ஜூலை 15 முதல் 19 வரை நடந்த ஐந்து நாள் சண்டையில் மக்ஸ்வீன் தரப்பு ஊருக்குள் வீடுகளைப் பிடித்து நின்றது. ராணுவம் உள்ளூர் காவல் வேலையில் தலையிடுவதைத் தடுக்கும் சட்டத்தை வாஷிங்டன் அந்த ஜூன் மாதம்தான் நிறைவேற்றியிருந்தது. எனவே ஸ்டான்டன் கோட்டைத் தளபதி நேதன் டட்லி, பெண்களையும் குழந்தைகளையும் காக்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு, பீரங்கியோடும் கேட்லிங் துப்பாக்கியோடும் 19ஆம் தேதி ஊருக்குள் நுழைந்தார். ஆளுநர் செல்லாதவர் என்று அறிவித்த அதே வில்சன் அப்போது மீண்டும் மாஜிஸ்திரேட்டாக இருந்தார். டட்லி அவரை மிரட்டி மக்ஸ்வீனைக் கைது செய்ய வாரண்டு எழுதி வாங்கினார். அன்று மக்ஸ்வீனின் வீடு எரிக்கப்பட்டது. இரவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். பில்லி இருட்டில் ஓடித் தப்பினான்.

5. ஆளுநரின் வாக்கு

வாஷிங்டன் அனுப்பிய விசாரணையாளர் ஃபிராங்க் ஏஞ்சலின் அறிக்கையை ஒட்டி ஆக்ஸ்டல் நீக்கப்பட்டார். அந்த இடத்துக்கு வந்தவர் லூ வாலஸ். ‘பென் ஹர்’ நாவலை எழுதிக்கொண்டிருந்த அதே வாலஸ். 1878 நவம்பரில் அவர் பொது மன்னிப்பு அறிவித்தார். குற்றச்சாட்டு ஏற்கெனவே பதிவானவர்களுக்கு அது பொருந்தாது என்பதால் பில்லிக்குப் பயனில்லை. 1879 பிப்ரவரியில், மக்ஸ்வீனின் விதவை சூசன் அமர்த்திய வழக்கறிஞர் ஹூஸ்டன் சாப்மன் லிங்கன் தெருவில் கொல்லப்பட்டார். கொலையைப் பார்த்த பில்லி ஆளுநருக்குக் கடிதம் எழுதினான். மார்ச் 17 இரவு வில்சனின் வீட்டில் இருவரும் சந்தித்தார்கள். சாட்சி சொன்னால் வழக்குகளிலிருந்து விடுவிப்பதாக வாக்குக் கிடைத்தது.

பில்லி தன் பங்கை நிறைவேற்றினான். கிராண்ட் ஜூரியிடம் சாட்சி சொன்னான். டட்லி மீதான ராணுவ விசாரணையிலும் சாட்சி சொன்னான். சிப்பாய்கள் தன்னை நோக்கிச் சுட்டதாக அவன் சொன்னது அந்த விசாரணைப் பதிவில் இருக்கிறது. டட்லி குற்றமற்றவர் என்று முடிவானது. மாவட்ட அரசு வழக்கறிஞர் வில்லியம் ரைனர்சன் பில்லி மீதான வழக்கைக் கைவிட மறுத்தார். ஆளுநரின் வாக்கு, டோலனின் நண்பரான ஒரு வழக்கறிஞரைத் தாண்டிச் செல்லவில்லை. பில்லி காவலிலிருந்து நழுவினான். மாட்டுத் திருட்டும் சூதாட்டமுமாக நாட்களைக் கழித்தான். 1880 டிசம்பரில் அவன் தலைக்கு 500 டாலர் விலை வைத்தவர் அதே வாலஸ். பிடிபட்ட பின் சாண்டா ஃபே சிறையிலிருந்து பில்லி அவருக்கு அடுத்தடுத்து எழுதிய கடிதங்களுக்குப் பலன் கிடைக்கவில்லை.

1881 ஏப்ரலில் மெசில்லாவில், நீதிபதி பிரிஸ்டல் முன்னிலையில், பிராடி கொலைக்காக அவனுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. லிங்கன் கவுன்டிப் போரில் நடந்த அத்தனை கொலைகளுக்கும் சேர்த்துத் தண்டிக்கப்பட்டவன் அவன் ஒருவனே. தூக்கு நாள் வரை அவனை அடைத்து வைத்த லிங்கன் நீதிமன்றம், இரண்டு மாடியுள்ள பழைய மர்ஃபி கடைக் கட்டடம். விவசாயிகள் பற்று வைத்த அதே கட்டடத்தைக் கவுன்டி வாங்கி நீதிமன்றமாக்கியிருந்தது. ஏப்ரல் 28ஆம் தேதி, அதன் மாடிப்படியில் காவலர் பெல்லையும், மாடி ஜன்னலிலிருந்து ஓலிங்கரையும் சுட்டுவிட்டுத் தப்பிய காட்சி பல படங்களில் வருகிறது. அந்தக் கட்டடம் யாருடையதாக இருந்தது என்பதைச் சொல்லும் படங்கள் அபூர்வம்.

6. கதை எண்ணாதவர்கள்

21 கொலைக் கணக்கோடு ஒரு வாலும் சேர்ந்து வரும்: மெக்ஸிகோக்காரர்களை நீக்கி. போர்ஹெஸ் 1935இல் வெளியிட்ட தொகுப்பில் பில்லியைப் பற்றிய கதையும் இந்தக் கணக்கைப் பயன்படுத்துகிறது. ஆவணங்கள் காட்டும் நிலை இதற்கு நேரெதிர். பில்லி சரளமாக ஸ்பானியம் பேசினான். அவனை ஒளித்து வைத்ததும் சோறு போட்டதும் பெரும்பாலும் ஸ்பானிய மொழி பேசிய ஆட்டிடையர் குடும்பங்கள். ஐந்து நாள் சண்டையில் மார்ட்டின் சாவஸ் தலைமையில் வந்த உள்ளூர் விவசாயிகள் மக்ஸ்வீன் தரப்பில் கணிசமாக இருந்தார்கள். செத்தவன்போலக் கிடந்து உயிர் பிழைத்த இகினியோ சலசார் அவர்களில் ஒருவர். ஹவுஸின் பற்றுக்கணக்கில் சிக்கியிருந்தவர்கள் இவர்கள். ஆயுதம் எடுக்க அவர்களுக்குச் சொந்தக் காரணம் இருந்தது. கதையில் அவர்கள் பின்னணி ஆட்களாகவே நிற்கிறார்கள்.

மெஸ்கலேரோ மக்களின் நிலை இன்னும் மோசம். அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட இறைச்சிதான் இந்தப் போரின் மூலதனம். கதையிலோ அவர்களுக்கு இடமே இல்லை. பில்லி இறந்த இடத்துக்கும் இது பொருந்தும். ஃபோர்ட் சம்னரில் அவன் சுடப்பட்ட வீடு, பீட் மேக்ஸ்வெல் என்பவர் குடியிருந்தது, முன்பு ராணுவ அதிகாரிகளின் குடியிருப்பு. 1863 முதல் 1868 வரை, நவஹோ மக்களில் 8,000க்கும் மேற்பட்டோரையும் மெஸ்கலேரோ மக்களையும் ராணுவம் அங்கேதான் அடைத்து வைத்திருந்தது. பசியிலும் நோயிலும் பெருந்தொகையானோர் மாண்ட அந்த முகாம் 1868 ஒப்பந்தத்துக்குப் பின் மூடப்பட்டு, கட்டடங்கள் மேக்ஸ்வெல் குடும்பத்துக்கு விற்கப்பட்டன. ஒரே வளாகத்தில் நடந்த இரண்டு வரலாறுகளில் ஓர் இளைஞனின் சாவு உலகப் புகழ் பெற்றது.

7. விளக்கங்களை எடைபோடல்

மேற்கு அத்தனை வன்முறையான இடமே இல்லை என்ற ஒரு மறுப்பு உண்டு. ராபர்ட் டைக்ஸ்ட்ரா 1968இல் கான்சஸின் ஐந்து கால்நடைச் சந்தை ஊர்களை ஆராய்ந்து, 1870க்கும் 1885க்கும் இடையே அவற்றில் நடந்த கொலைகள் மொத்தம் 45 என்று கண்டார். கதைகள் தரும் பிணக்குவியலோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய எண். ஆனால் லிங்கனுக்கு இந்த மறுப்பு பொருந்தாது. அங்கே மெய்யாகவே ரத்தம் ஓடியது. இந்த வேறுபாடு பயனுள்ளது. கான்சஸ் ஊர்களில் வணிகர்கள் ஒரே நலனில் இணைந்திருந்தார்கள்: மந்தை வர வேண்டும், கலகம் கட்டுக்குள் இருக்க வேண்டும். லிங்கனில் வணிகர்கள் இரண்டாகப் பிளந்து, காவலும் நீதிமன்றமும் ஒரு தரப்பின் பிடியில் இருந்தன. சட்ட அமைப்புகள் இரண்டு இடத்திலும் இருந்தன. அவை யாருக்கு விசுவாசமாக இருந்தன என்பதே வன்முறையின் அளவைத் தீர்மானித்தது.

எரிக் ஹாப்ஸ்பாமின் ‘சமூகக் கொள்ளையன்’ கருத்தாக்கம் பில்லிக்குப் பாதி பொருந்தும். ஏழைக் குடும்பங்களின் ஆதரவு அவனுக்கு இருந்தது. ஆனால் அவன் போரிட்டது ஒரு வணிகரின் சம்பளத்தில்; பிற்காலத்தில் திருடியது தன் பிழைப்புக்கு. ரிச்சர்ட் மேக்ஸ்வெல் பிரவுன் மேற்கின் மோதல்களை, பெருமூலதனம் நிலத்தை ஒருங்கிணைத்த நெடும் போரின் பகுதிகளாகப் பார்க்கிறார். லிங்கனுக்கு இது கூடுதல் வெளிச்சம் தருகிறது. இருந்தும், இங்கே மோதியவை இரண்டுமே மூலதனங்கள் என்பதால், பெரியவர் எதிர் சிறியவர் என்ற கோடு கலங்குகிறது.

புனைவு இந்த வணிகத்தை அறவே மறந்துவிட்டது என்று சொல்வதும் நேர்மையாகாது. ஜான் வெய்ன் நடித்த ‘சிசம்’ (1970) கடையையும் வங்கியையும் காட்டுகிறது. தீர்வாக மாட்டு மந்தையை ஊருக்குள் விரட்டிவிட்டு, முதலாளிகள் இருவரையும் கைகலக்க வைக்கிறது. சாம் பெக்கின்பாவின் 1973ஆம் ஆண்டுப் படத்தில் சாண்டா ஃபே பணக்காரர்கள் காரெட்டை ஏவுகிறார்கள். எனினும் படத்தின் மனம் இரண்டு பழைய நண்பர்களின் துயரத்தில்தான் தங்குகிறது. கொழும்பில் பிறந்த மைக்கேல் ஒன்டாஜி கனடாவில் 1970இல் வெளியிட்ட பில்லி பற்றிய நூல் வேறு வழியில் போகிறது. கவிதை, உரைநடை, புகைப்படம், பேட்டி எல்லாம் கலந்த அந்நூலின் தொடக்கத்தில், புகைப்படம் இருக்க வேண்டிய சட்டம் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. தான் புனைவதை மறைக்காத அந்த நேர்மை காரெட்டிடமும் பர்ன்ஸிடமும் இல்லாதது. ஆயினும் ஹவுஸின் கணக்குப் புத்தகத்துக்கு அங்கேயும் பெரிய இடமில்லை.

இவ்வாதத்துக்கு வலுவான ஓர் எதிர்வாதம் உண்டு. சட்டத்தை இரு தரப்பும் ஆயுதமாக்கினார்கள் என்றால், நடைமுறையில் அது சட்டம் இல்லாததற்குச் சமம்தானே? வாரண்டு வெறும் சாக்குத்தானே? சாக்காகவே இருக்கட்டும். மதிப்பில்லாத சாக்கை யாரும் தேடி அலைவதில்லை. லிங்கனில் வாரண்டு இருந்தால் ஆள் திரட்டலாம், ராணுவத்தின் உதவியைக் கோரலாம், நாளை வழக்கு வந்தால் தப்பலாம். கொலை நடந்த மறுநாளே பில்லியின் தோழர்கள் மாஜிஸ்திரேட்டைத் தேடிப் போனதும், பீரங்கியோடு வந்த டட்லி ஒரு தாளுக்காக வில்சனை மிரட்டியதும் இதனால்தான். தவிர, இரண்டு விளக்கங்களும் இரண்டு வெவ்வேறு தீர்வுகளுக்கு இட்டுச்செல்கின்றன. சட்டம் இல்லை என்றால் துப்பாக்கி ஏந்திய நல்லவன் ஒருவன் வந்தால் போதும். சட்டம் விலைபோயிருக்கிறது என்றால், யார் டெண்டர் எடுத்தார்கள், ஷெரீபை யார் நியமித்தார்கள், அரசு வழக்கறிஞரிடம் யாருடைய அடமானம் இருக்கிறது என்று கேட்க வேண்டியிருக்கும். முதல் தீர்வைப் படமாக்குவது எளிது. இரண்டாவதைக் கேட்பது பலருக்குச் சங்கடம்.

8. முடிவு

போரின் பலனை அனுபவித்தவர்கள் யார் என்று பார்த்தால் இந்தச் சங்கடம் விளங்கும். டன்ஸ்டலின் கடையும் நிலமும் காலப்போக்கில் டோலன் கைக்கு வந்தன. அவர் பிரதேசச் சட்டமன்றத்திலும் அமர்ந்தார். கேட்ரன் பெரும் நில உடைமையாளராகி, 1912இல் நியூ மெக்ஸிகோ மாநிலமானபோது அதன் முதல் செனட்டர்கள் இருவரில் ஒருவரானார். இன்று அவர் பெயரில் ஒரு கவுன்டியே இருக்கிறது. கதை மரபு இவர்களைத் திட்டமிட்டுக் காப்பாற்றியது என்பதற்குச் சான்றில்லை. அப்படிச் சொல்லவும் தேவையில்லை. தன்னை நியாயப்படுத்த நினைத்த ஒரு ஷெரீப், விற்பனையை நினைத்த ஒரு பத்திரிகைக்காரர், காவியத்தை நினைத்த இன்னொரு பத்திரிகைக்காரர் என ஒவ்வொருவரும் தத்தம் காரணத்துக்காகப் பையன் மீதே விளக்கைத் திருப்பினார்கள்.

2010 டிசம்பர் 31 அன்று, பதவியின் கடைசி நாளில், ஆளுநர் பில் ரிச்சர்ட்சன் பில்லிக்கு மன்னிப்பு வழங்க மறுத்தார். வாலஸ் வாக்குத் தவறியது சரியா என்ற விவாதம் செய்திகளில் அடிபட்டது. ஒரு மனிதனை மன்னிக்கலாமா என்ற கேள்விக்கு 130 ஆண்டுகளுக்குப் பிறகும் உயிர் இருக்கிறது. அவனைத் தவிர வேறு எவருக்கும் மன்னிப்பே தேவைப்படாமல் போனது எப்படி என்ற கேள்விக்கான பதில் ஏஞ்சல் திரட்டிய வாக்குமூலங்களிலும், டட்லி விசாரணைப் பதிவிலும், டன்ஸ்டலின் கடிதங்களிலும் இருக்கிறது. மேற்கு எல்லையைப் பற்றிய வரலாற்றுப் புனைவு இனி வளர வேண்டுமானால், அது அந்தத் தாள்களிலிருந்துதான் தொடங்க வேண்டும்.